பாராமல் வந்த பரிசில்

விமானப் பயணிகளுக்கு உண்மையிலேயே காசு வாங்காமல் மேல்வகுப்பு இருக்கை தருகிறார்களா என்ற கேள்வி, வெளிநாட்டுப் பயணம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் தமிழ்த்துறை அறையில் தலைகாட்டும். கோட்டு அணிந்து சென்றால் தருவார்கள் என்பார் ஒருவர். புதுமணத் தம்பதி என்று சொன்னால் தருவார்கள் என்பார் இன்னொருவர். அதெல்லாம் கட்டுக்கதை என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். 2018 ஜனவரிக்குப் பிறகு இந்தக் கேள்விக்கு எங்களிடம் திட்டமான பதில் உண்டு. தருகிறார்கள். எங்கள் கண்ணெதிரே தந்தார்கள். ஆனால் எங்களுக்கு அல்ல.

கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்கு. எங்கள் துறையிலிருந்து நால்வரின் கட்டுரைகள் ஏற்கப்பட்டிருந்தன. ‘நாங்கள்’ என்று இங்கே எழுதுவது நிரந்தரப் பணியில் இருக்கும் மூவரை. நான்காமவர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்பது பதவியின் பெயரில் மட்டும் இருப்பது. ஊதியத்திலோ பணிப் பாதுகாப்பிலோ அதைத் தேடக் கூடாது. அப்போது அவர் எங்களுடன் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்களைவிட அதிகமான வகுப்புகள் எடுத்தார். விடைத்தாள் திருத்துவதில் எங்களைவிட நிதானமானவர். யாப்பிலக்கணத்தில் எங்களுக்கு ஐயம் வந்தால் அவரிடம்தான் கேட்போம். ஆனாலும் துறை அறையில் பெயர்ப்பலகை வைத்த மேசைகள் எங்களுடையவை. அவர் அலமாரி ஓரமாகக் கிடந்த பெஞ்சில் அமர்வார். நாங்கள் அவரைத் ‘தம்பி’ என்று அழைப்போம்.

நவம்பர் மாதமே நாங்கள் மூவரும் சேர்ந்து பயணச்சீட்டு எடுத்துவிட்டோம். போக வர ஆளுக்குப் பதினாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்தோம். தம்பியும் வருகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. இதற்குப் பின்னாளில் நாங்கள் சொல்லிக்கொண்ட காரணங்கள் பல: அவருக்கு விடுப்பு கிடைக்குமோ என்னவோ, கையில் பணம் இருக்குமோ என்னவோ, கேட்டால் சங்கடப்படுவாரோ என்னவோ. உண்மை மிக எளியது. எங்களுக்கு அவர் நினைவு வரவில்லை.

அவருக்கு விடுப்புக்கான அனுமதி, அதுவும் ஊதியமில்லா விடுப்பாக, புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்னால்தான் கிடைத்தது. மனைவியின் வளையல்களை அடகு வைத்துச் சீட்டு வாங்கினார் என்பதும், அதன் விலை முப்பத்தேழாயிரம் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தன.

சென்னை விமான நிலையத்தில் நள்ளிரவு நெருங்கும் நேரம். செக்-இன் கவுண்டரில் எங்கள் மூவருக்கும் போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்; விமானத்தின் வால்பகுதியில் அடுத்தடுத்த மூன்று இருக்கைகள். பின்னால் நின்ற தம்பியின் கடவுச்சீட்டைப் பார்த்த பெண், கணினியில் எதையோ தட்டினார்; பிறகு புன்னகைத்தார். “சார், எகானமி நிரம்பிவிட்டது. உங்களைப் பிசினஸ் வகுப்புக்கு மாற்றியிருக்கிறோம். கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை.”

தம்பிக்கு அது முதல் விமானப் பயணம். அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுந்திருந்தது. திரும்பி எங்களைப் பார்த்தார். எங்களில் மூத்தவரான துறைத்தலைவருக்கு மூட்டுவலி உண்டு. “ஐயா, நீங்கள் முன்னால் போய் உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். நான் பின்னால் இருந்துகொள்கிறேன்” என்றார் தம்பி. துறைத்தலைவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் இருவரும் சொல்லவில்லை. மூவருமே கவுண்டர்ப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்பதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. “அப்படி மாற்ற முடியாது, சார். இவர் பெயருக்கு வந்திருப்பது” என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார்.

குடியேற்றச் சோதனைக்கு நடக்கும்போது எங்களுக்குள் பேச்சு இல்லை. “யோகம் அடித்துவிட்டது தம்பிக்கு” என்று ஒருவர் சொன்னார். அந்தக் குரலில் வாழ்த்து இல்லை.

விமானத்துக்குள் முன்வாயில் வழியாகவே நுழைந்தோம். அகன்ற இருக்கைகளைக் கடந்துதான் பின்னே போக வேண்டும். இரண்டாவது வரிசையில் தம்பி விளிம்பில் ஒட்டினாற்போல் அமர்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். துறை அறைக்குள் நாங்கள் நுழையும்போதெல்லாம் பெஞ்சிலிருந்து எழுவாரே, அதே எழுகை. ஒன்பது ஆண்டுகளாக அதைப் பார்த்திருக்கிறோம். மரியாதை என்று ஏற்றிருக்கிறோம். அங்கே, அந்தக் குறுகிய நடைவழியில், முன்பின் அறியாதவர்கள் பார்த்திருக்க அவர் எழுந்து நின்றபோதுதான் அது எங்களை உறுத்தியது. “உட்காருங்கள் தம்பி” என்றோம். அதற்கு முன் எப்போதாவது அப்படிச் சொல்லியிருக்கிறோமா என்று நினைவில்லை.

2016இல் கேத்தரின் டிசெல்ஸ், மைக்கேல் நார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, முதல்வகுப்பு உள்ள விமானங்களில் எகானமிப் பயணிகளின் சீற்றச் சம்பவங்கள் மிகுகின்றன என்றும், முன்வாயிலில் ஏறி முதல்வகுப்பைக் கடந்து செல்ல நேரும்போது அவை மேலும் மிகுகின்றன என்றும் கூறியது. அதைப் பின்னாளில் படித்தபோது எங்களுக்கு வியப்பு ஏற்படவில்லை. நாங்கள் கூச்சலிடவில்லை என்பதொன்றே வேறுபாடு.

ஊர் திரும்பிய பின், விமான நிலையத்தில் தரைப்பணி பார்க்கும் பழைய மாணவி ஒருவரிடம் இதன் கணக்கைக் கேட்டோம். அவர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். எகானமி என்பது பார்வைக்கு ஒரே கூடம். விலையில் பல படிகள். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. முன்கூட்டி வாங்கியவருக்கு ஒரு விலை. கடைசி நேரத்தில் வருபவருக்கு மலிவுப் படிகள் தீர்ந்து உச்சவிலைதான் மிஞ்சும். சீட்டு வாங்கியவர்களில் சிலர் வராமல் போவார்கள் என்ற கணிப்பில் இருக்கைகளைவிட அதிகமான சீட்டுகளை நிறுவனங்கள் விற்கின்றன. கணிப்பு தவறி எல்லோரும் வந்து நின்றால், எகானமியில் ஆள் மிகும். பிசினஸ் வகுப்பில் சில இருக்கைகள் வெறுமையாக இருக்கும். கதவு மூடிவிட்டால் வெற்று இருக்கை மாலையில் விற்காத மல்லிகைதான், மறுநாளுக்கு ஆகாது. ஆகவே சிலரை முன்னே நகர்த்துகிறார்கள்.

அந்தச் சிலர் யார்? உடையும் புன்னகையும் பார்த்து ஊழியர் மனம் இளகுவதெல்லாம் பெரும்பாலும் கதை. கணினியில் பட்டியல் இருக்கிறது. அதில் முதலிடம், அடிக்கடி பறந்து உயர்நிலை உறுப்பினரானவர்களுக்கு. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் உறுப்பினர் திட்டத்தைத் தொடங்கிய பின் உலகெங்கும் பரவிய முறை இது. அடுத்து, கூடுதல் விலை கொடுத்தவர்கள். அவர்களிலும் தனியாகச் சீட்டு எடுத்தவரை நகர்த்துவது எளிது. ஒரே முன்பதிவில் மூவராகச் சேர்ந்து வந்தவர்களைப் பிரிக்கத் தயங்குவார்கள். இப்போது அந்த வெற்று இருக்கைகளையே ஏலம் கேட்கச் சொல்லியும், செக்-இன்னின்போது சலுகை விலை கூறியும் விற்கத் தொடங்கிவிட்டதால், இலவசமாக நகர்த்துவது வரவரக் குறைந்துவருகிறது என்றும் அந்த மாணவி சொன்னார்.

ஆக, தம்பிக்கு யோகம் அடிக்கவில்லை. அவர் உச்சவிலை கொடுத்திருந்தார். தனியாகச் சீட்டு எடுத்திருந்தார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நாங்கள் அவரை விட்டுவிட்டுப் பதிவு செய்தோம்.

விமானம் நிரம்பி வழிவதன் மறுபக்கமும் உண்டு. 1972இல் அமெரிக்காவின் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடர், உறுதிசெய்த சீட்டு கையில் இருந்தும் அலகேனி நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டார். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போய், அவர் வழக்காடலாம் என்று 1976இல் தீர்ப்பாயிற்று. இழப்பீடு பெற்றுக்கொண்டு தாமாக விலகிக்கொள்வோரை முதலில் கேட்க வேண்டும் என்னும் விதி அங்கே 1978இல் வந்தது. பொருளியலாளர் ஜூலியன் சைமன் பத்தாண்டுகளாக வற்புறுத்திவந்த யோசனை அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஒழுங்குவிதி, பயணியைக் கீழ்வகுப்புக்கு இறக்கினால் தூரத்துக்கேற்பக் கட்டணத்தில் 30, 50 அல்லது 75 விழுக்காட்டைத் திருப்பித்தரச் சொல்கிறது. இந்தியாவிலும் 2023இல் இத்தகைய விதி நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுப் பயணமாயின் 75 விழுக்காடு. மேல்வகுப்புக்கு ஏற்றுவது பற்றி ஐரோப்பிய விதி சொல்வது ஒன்றே: அதற்காகக் கூடுதல் பணம் கேட்கக் கூடாது. இறக்கினால் ஈடு கேட்கச் சட்டம் உண்டு. ஏற்று என்று கேட்க எந்தச் சட்டமும் இல்லை. ஆண்டுதோறும் தற்காலிகமாகவே பணிநீட்டிப்பு பெறும் ஒருவருடன் ஒரே அறையில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது, இது விமானத்தைப் பற்றி மட்டும் சொன்னதாகத் தோன்றவில்லை.

கோலாலம்பூரில் இறங்கியதும் தம்பியிடம் ஆவலோடு கேட்டோம்: என்ன கொடுத்தார்கள், நன்றாகத் தூங்கினீர்களா என்று. அவர் தயங்கினார். “தண்ணீர் மட்டும் குடித்தேன், ஐயா. உணவு அட்டை கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். இறங்கும்போது பணம் கேட்டுவிட்டால் என்ன செய்வது? தூக்கமும் வரவில்லை. பொத்தானை அழுத்தினால் இருக்கை சாயுமாம். உடைந்துவிடுமோ என்று தொடவில்லை.” எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அவரும் உடன் சிரித்தார். நான்கு மணி நேரம் விளிம்பில் அமர்ந்து வந்த களைப்பு அவர் கண்களில் தெரிந்தது. சீட்டின் விலையை அப்போதுதான் அவர் வாயால் கேட்டோம். கணக்குப் போட்டுப் பார்த்து அவரே சொன்னார், குறை கூறும் தொனி சிறிதும் இன்றி: “இலவசம் என்றுதான் சொன்னார்கள், ஐயா. நான் முன்பே கட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.”

புறநானூற்றின் 208ஆம் பாட்டை நாங்கள் ஆண்டுதோறும் நடத்துகிறோம். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்த பாட்டு. பொருளை வாங்கிக்கொண்டு போகத் தாம் வாணிகம் செய்பவர் அல்லர். தகுதியை அறிந்து தந்தால் சிறிதே ஆயினும் அது இனிது என்பது அவர் நிலை. புலவரின் செம்மாப்பு என்று மாணவர்க்கு உரக்கச் சொல்வோம். தேர்விலும் கேட்போம். அந்த இரவில் தம்பிக்குக் கிடைத்தது அப்படிப் பாராமல் வந்த பரிசில்தான். அவர் யாப்பறிவை அந்தக் கணினி அறியாது, வளையலையும் அறியாது. கொடுத்த விலையை மட்டும் அறியும். என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கத் தெரியாத இயந்திரம் ஒரு பரிசிலையாவது அனுப்பியது. நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் சீட்டு எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பயணம் முடிந்து வந்த அந்த மாதத்திலேயே, பழைய தாள்கட்டுகள் அடைந்துகிடந்த ஒரு மேசையைக் காலிசெய்து தம்பிக்குக் கொடுத்தோம். பூட்டுள்ள இழுப்பறை ஒன்றும் அதில் இருந்தது. அவருடைய பணியை நிரந்தரமாக்குவது எங்கள் கையில் இல்லை. மேசை எங்கள் கையில் இருந்தது. ஒன்பது ஆண்டுகளும் இருந்தது. முதல் சில நாட்கள் அவர் அங்கே அமராமல் பெஞ்சுக்கே போனார். பிறகு பழகிவிட்டார். நாங்கள் நுழையும்போது எழுவதை மட்டும் விடவில்லை. பலமுறை சொல்லிப் பார்த்தோம். இப்போது அவர் வரும்போது நாங்களும் எழுந்துகொள்கிறோம். கூடத்தில் போகும் மாணவர்கள் எட்டிப்பார்த்துச் சிரிக்கிறார்கள்.

2023இல் மீண்டும் ஒரு கருத்தரங்குக்குப் போனோம். இம்முறை மூன்று மாதம் முன்னரே, நால்வருக்கும் ஒரே முன்பதிவாகச் சீட்டு எடுத்தோம். யாருக்கும் மேல்வகுப்பு கிடைக்கவில்லை. கணக்குப்படி கிடைக்கவும் கூடாது. கடைசிக்கு முந்தைய வரிசையில், கழிப்பறைக்கு அருகில், மூவர் ஒருபுறமும் ஒருவர் நடைவழிக்கு அப்பாலுமாக இடம். நடைவழி ஓரத்து இருக்கையை மூட்டுவலிக்காரருக்கு விட்டுவிட்டுத் தம்பி எங்கள் நடுவில் வந்து அமர்ந்தார். கொடுத்த உணவை உண்டார். விளக்கு அணைத்ததும், பொத்தானை அழுத்தி இருக்கையை அது சாயும் அளவுக்குச் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போனார்.