ஜெல் நகப்பூச்சு விளக்கு வாங்கும் முன்

தோழிகள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். ஜெல் விளக்கின் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அலைநீளம் பொருந்த வேண்டும். பெரும்பாலான எல்இடி விளக்குகள் 365, 405 நானோமீட்டர் அளவில் ஒளிர்கின்றன. எல்லா ஜெல்லும் எல்லா விளக்கிலும் ஒரேபோல் இறுகாது. ஜெல் நிறுவனம் சொல்லும் விளக்கையே வாங்குங்கள், விலை கூடினாலும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பது ஒவ்வாமையை நினைத்துத்தான். விளக்கு பொருந்தாவிட்டால் ஜெல் மேலே பளபளவென்று காய்ந்திருக்கும். அடியில் ஜெல்லில் உள்ள ஹெமா (HEMA) போன்ற அக்ரிலேட்டுகள் இறுகாமல் மிச்சமிருக்கும். அவை தோலில் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. பல் அடைக்கும் பசையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு என்பதால், தொல்லை நகத்தோடு நிற்பதில்லை.

விளக்கில் காட்டும்போது கட்டைவிரலைத் தனியாக, நேராக வையுங்கள். மற்ற நான்கோடு சேர்த்தால் சாய்ந்துவிடும், ஒளி சரியாகப் படாது. அடர்நிறம் என்றால் மெல்லிசாகப் பூசுங்கள். விளக்கினுள் ஜெல் ஒட்டினால், மின்இணைப்பை எடுத்துவிட்டு, இறுகும் முன்பே ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். பழைய குழல்பல்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தாலும் வலுவிழக்கும். பல்பை மாற்றியாக வேண்டும். இந்த விளக்குகளிலிருந்து வருவதில் யுவி-ஏ கதிரும் உண்டு, அதனால் விரல்நுனி திறந்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.