சட்டைப்பையில் தேயும் மெருகு

பழுதுபார்க்க வரும் மடக்குக் கத்தியைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்துக்குச் சாய்த்து அலகின் பக்கவாட்டைத்தான் முதலில் பார்ப்பேன். கூர் எப்படி இருக்கிறது என்பது அப்புறம். அந்தக் கத்தி எதை வெட்டியது, வேலை முடிந்ததும் துடைத்தார்களா, எந்த ஊர்க் காற்றில் இருந்தது என்பதெல்லாம் பக்கவாட்டிலேயே தெரிந்துவிடும். அட்டைப்பெட்டி பிரிக்கிறவர் கத்தியில் கீறல்கள் கைப்பிடியிலிருந்து முனைவரை நீளவாக்கில் ஓடும். மாங்காய் நறுக்கும் கத்தியில் வெட்டுவிளிம்பை ஒட்டிய பகுதி நீலமும் சாம்பலுமாகக் கறுத்திருக்கும். கடலோரத்தில் வேலை செய்பவரின் கத்தியென்றால் செம்புள்ளிகள், பெரும்பாலும் அலகு மடங்கும் மூட்டுக்குப் பக்கத்தில்.

என் சாணைப் பட்டறை சென்னையில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க." கீறல், கறை, துரு எல்லாம் அவர்களுக்கு ஒரே குறை. எனக்கு அவை மூன்றும் வேறு வேறு. கீறலால் அலகு பலவீனப்படுவதில்லை. கறை சில எஃகுகளுக்குக் காவல். குழியாக இறங்கும் துரு மட்டும்தான் உலோகத்தைத் தின்கிறது. கத்தி வாங்கும்போது எந்த ஃபினிஷிங் இவற்றில் எதைத் தாங்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

கீறலுக்குச் சாவியையும் சில்லறையையும் குறை சொல்கிறார்கள். மடக்கிய கத்தியில் அலகின் பெரும்பகுதி கைப்பிடிக்குள் இருக்கிறது. காசு உரசுவது கைப்பிடியையும் அலகின் முதுகையும்தான். அதோடு காசும் பித்தளைச் சாவியும் பதம் போட்ட எஃகைவிட மென்மையானவை. உண்மையில் கீறுவது மணல். மணலிலுள்ள குவார்ட்ஸ் மோஸ் அளவுகோலில் 7. கத்தி எஃகு அதற்குக் கீழே நிற்கிறது. பையின் அடியில் சேரும் தூசியிலும், தரையில் இழுபட்ட அட்டைப்பெட்டியிலும், கழுவாத கிழங்கிலும் மணல் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் அது அலகின் மேல் ஓடுகிறது.

மிரர் பாலிஷ் போட்ட அலகு இதில் சீக்கிரம் தோற்றுப்போகும். முதல் அட்டைப்பெட்டியிலேயே கோடு விழும்; விரல் ரேகைகூடத் தெரியும். ஆனால் துருவைத் தாங்குவதில் அதற்கு நிகர் கிடையாது. எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றுப்பட்டதும் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலமாகி இரும்பை மூடிக்கொள்கிறது. கடலுப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கப் பார்க்கும். பள்ளம் இல்லாத பரப்பில் உப்பும் ஈரமும் தங்க இடமில்லாததால் துளைப்பது கடினம். பார்வைக்கு நொந்துபோன மிரர் பாலிஷ் கத்திகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. துருவோடு வந்தவை மிகக் குறைவு.

நேர் எதிரானது பீட் பிளாஸ்ட். நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்து அலகைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக்குவார்கள். அரைத்த தடத்தையெல்லாம் அது ஒரேயடியாக மறைத்துவிடும் என்பதால் விலை குறைந்த கத்திகளில் அதிகம் பார்க்கலாம். மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் கணக்கற்ற சிறு குழிகள். ஒவ்வொரு குழியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மழைக்காலத்தில் வியர்த்த சட்டைப்பையில் கிடந்த கத்தி சில நாளில் புள்ளித்துரு பூத்துவிடுகிறது. டி2 எஃகில் இந்த வேலையைச் செய்திருந்தால் இன்னும் மோசம். டி2-வில் குரோமியம் சுமார் 12 சதவீதம் உண்டு. ஆனால் கார்பனும் 1.5 சதவீதம் இருப்பதால் குரோமியத்தின் பெரும்பங்கு கார்பைடுகளில் சிக்கிக்கொள்கிறது, படலம் கட்ட மிஞ்சுவது கொஞ்சம். வாடிக்கையாளர் எஃகைத் திட்டுகிறார். அதே எஃகை வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்தால் துரு பாதியாகக் குறைவதை அவரே அடுத்த மழைக்காலத்தில் பார்க்கிறார். பீட் பிளாஸ்டுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: கட்டைவிரலும் சுட்டுவிரலும் அலகைப் பிடித்துத் திறக்கும் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்து திட்டாக நிற்கும்.

சாட்டின் என்று ஒன்றாகச் சொல்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு, தேய்வதும் இரண்டு விதம். பெல்ட்டில் அரைக்கும் சாட்டினில் கோடுகள் முதுகிலிருந்து வெட்டுவிளிம்புக்கு இறங்கும். வெட்டும்போது விழும் கீறலோ நீளவாக்கில் போகும். குறுக்கே போவதால் ஒவ்வொன்றும் கண்ணை உறுத்தும். கையால் எமரித் தாள் தேய்த்து முடிக்கும் சாட்டினில் கோடுகளே கைப்பிடியிலிருந்து முனைக்கு நீளமாக ஓடுகின்றன. புதுக் கீறல் பழைய கோடுகளோடு சேர்ந்து படுத்துவிடும். ஒருவர் தாளை மரக்கட்டையில் சுற்றி, ஒரே திசையில், 400 கிரிட்டில் தொடங்கி 800 வரை பொறுமையாக இழுத்து முடித்த அலகைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மனம் நிறைந்துவிடும். அதைச் செப்பனிடுவதும் சுலபம், அதே தாள், அதே திசை. பாதியில் திசை மாற்றி ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அத்தனை வேலையும் கெட்டுப்போகும்.

தினமும் பையில் போட்டுக்கொண்டு எல்லா வேலைக்கும் எடுக்கிறவருக்கு ஸ்டோன்வாஷையே சொல்வேன். பீங்கான் கற்களோடு அலகையும் எந்திரத்தில் போட்டு உருட்டுவதால் எல்லாத் திசையிலும் நுண்கீறல் விழுந்திருக்கும். புதுக் கீறல் அதில் காணாமல் போகிறது. குழிகள் பீட் பிளாஸ்ட் அளவுக்குக் கூர்மையாக இல்லாததால் ஈரம் தங்குவதும் குறைவு. முதலில் அமிலத்தில் கறுக்கவைத்து, பிறகு உருட்டிய அலகுகளும் வருகின்றன. அந்தக் கறுப்பு மேலே பூசியது கிடையாது, எஃகின் தோலே கறுத்தது. அதனால் உரியாது, மேடுகளில் மெல்ல வெளுத்து, பள்ளங்களில் நெடுநாள் நிற்கும்.

பூச்சுகளைப் பற்றித்தான் அதிகம் கேள்வி வருகிறது. கறுப்பு என்றால் எல்லாம் ஒன்றென்று நினைக்கிறார்கள். பெயிண்ட் வகைப் பூச்சு தடிமனானது, மென்மையானது. மூலைகளில் சீக்கிரம் பெயர்ந்து வெள்ளி விளிம்பு காட்டும். தடித்த அட்டையை வெட்டும்போது இழுக்கும். பிளாக் ஆக்சைடு மிக மெல்லியது, எண்ணெய் இல்லாமல் துருவைத் தடுக்காது. டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) வேறு ரகம். வெற்றிடத்தில் சில மைக்ரான் தடிமனுக்கு ஏற்றும் அந்தக் கார்பன் படலம் மணலைவிடக் கடினமானது. டிஎல்சி கத்தியில் வெள்ளிக் கோடு விழுந்துவிட்டதென்று பதறி வருகிறவர்களிடம் ஒரு சாதாரண ரப்பரை எடுத்துக் கொடுப்பேன். தேய்த்தால் பெரும்பாலும் கோடு போய்விடும். அது கீறலே இல்லை; ஸ்டேப்பிள் பின்னிலிருந்தோ அலுமினியக் கம்பியிலிருந்தோ ஒட்டிக்கொண்ட உலோகம். ஆனால் அந்தக் கடினத்துக்கும் எல்லை உண்டு. அடியில் இருக்கும் எஃகு மென்மையாக இருந்தால், பலமான அடியில் எஃகு அமுங்கிப் படலம் வெடிக்கும், மெத்தைமேல் வைத்த கண்ணாடித் தகடு போல. கூர் தீட்டினால் விளிம்பையொட்டி வெள்ளைப் பட்டை விழுவதையும் எந்தப் பூச்சாலும் தடுக்க முடியாது. பக்கவாட்டில் தீட்டுக்கல் படாமலிருக்க நான் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவேன். டிஎல்சி ஒரு தடவை போனால் பட்டறையில் தொட்டுச் சரிசெய்ய வழியே இல்லை.

எவர்சில்வர் அல்லாத கார்பன் எஃகு எனக்கு மிகப் பிடித்தது. ஜோசஃப் ஒப்பினெல் 1890-இல் பிரான்சின் சவுவா மலைப்பகுதியில் தொடங்கிய மரக்கைப்பிடிக் கத்தி இன்னும் அந்த எஃகில் கிடைக்கிறது. 1955-இல் அதற்கு அலகைப் பூட்டும் வளையம் வந்தது. மற்றபடி பெரிதாக மாறவில்லை. நம் ஈரக்காற்றில் அதன் மரம் ஊதி அலகைப் பிடித்துக்கொள்ளும், அது ஒரு தொல்லை. அலகோ நம் சமையலறைக்குப் பழக்கமானது. மாங்காய், எலுமிச்சை, வாழைக்காய் எதை வெட்டினாலும் நிறம் மாறும். காயின் துவர்ப்பிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றிய இடத்தில் இரும்புச் சாறு கறுத்துப் பிடிப்பதும் இதே வினைதான். அரிவாள்மனை வைத்திருந்த வீடுகளில் இதை யாரும் குறையாகப் பார்த்ததில்லை. காய் நறுக்கியதும் துடைத்து, ஈரம் போகச் சாய்த்து வைப்பார்கள். நாளாக நாளாக அலகு கருநீலமாகிவிடும். சமமாகப் படிந்த அந்தக் கறை செந்துருவை முழுதாகத் தடுக்காவிட்டாலும் நன்றாகத் தள்ளிப்போடும். விரலால் தேய்த்துப் பாருங்கள்: கறை விரலில் ஒட்டாது, துரு செம்மண் மாதிரி ஒட்டும். எதைத் தேய்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு அந்த ஒரு சோதனை போதும்.

தாத்தாவின் பேனாக்கத்தியைக் கொண்டுவந்து பஃபிங் சக்கரத்தில் போடச் சொல்கிறவர்களிடம் இதனால்தான் மறுக்கிறேன். கறை போய்விடும், ஆனால் அதோடு காவலும் போகும். சக்கரத்தின் சூடு இன்னொரு ஆபத்து. கார்பன் எஃகின் பதம் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் முடிக்கப்பட்டது. மெல்லிய விளிம்பு சக்கரத்தில் நொடிகளில் 300-ஐத் தொட்டு நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடம் அதன்பிறகு கூரை வைத்துக்கொள்ளாது. துருக்குழி இருந்தால் எண்ணெயில் நனைத்த நைஸ் எமரித் தாளால் அந்த இடத்தை மட்டும் எடுக்கிறேன், மற்றதை விட்டுவிடுகிறேன்.

கடலோரத்தில் இருப்பவர்கள் வழவழப்பான எவர்சில்வர் அலகை வாங்குங்கள், கீறலைப் பொருட்படுத்தாதீர்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் எல்லா வேலைக்கும் ஒரே கத்தி என்றால் ஸ்டோன்வாஷ். பழமும் காயும் நறுக்கி, உடனே துடைக்கிற பழக்கமுள்ளவர் கார்பன் எஃகு வைத்துக்கொள்ளலாம். பீட் பிளாஸ்டை நான் யாருக்கும் சொல்வதில்லை. எதை வாங்கினாலும் ஈரத்தோடு மடக்காதீர்கள். துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத மூட்டில்தான். அங்கே மாதம் ஒருமுறை மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு விட்டால் போதும். அது சமையல் எண்ணெய் போலப் பிசினாக இறுகாது, பழம் வெட்டும் கத்திக்கும் தீங்கில்லை.