கயிறும் குருதியும்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். ஏலக்காட்டு வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுப் பாதையில் ஏறும். நம் மாணவன் ஒருவனின் தந்தையும் பல ஆண்டு அந்த ஜீப்பில் சென்றவர்தாம். இன்று அவர் பயணம் மலைக்கு அல்ல, மருத்துவமனைக்கு. வாரம் மூன்று முறை. சிறுநீரகங்கள் செயலிழந்தன, டயாலிசிஸ் எந்திரம் அவர் குருதியைத் தூய்மை செய்கிறது.

சென்ற ஆண்டு அவரைக் காணச் சென்றோம். இடக்கையை நீட்டி, "தொட்டுப் பாருங்க, சார்" என்றார். மணிக்கட்டுக்கு மேலே விரல் வைத்தோம். தோலுக்கடியில் தேனீக்கள் இரைவதுபோல் ஓர் அதிர்வு! அது நோயன்று, தோழர்களே. அறிவு அமைத்த ஆறு!

எந்திரத்துக்கு நிமிடந்தோறும் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் குருதி வேண்டும. தோலருகே ஓடும் சிரையில் அந்த வேகமில்லை. வேகமுள்ள தமனியோ ஆழத்தில் கிடக்கிறது. அதனை அடிக்கடி குத்தலாகாது. ஆண்டுக்கு 156 முறை, முறைக்கு இரண்டு ஊசி என்றால் எந்தக் குழாய் தாங்கும்? எனவே, தமனியைச் சிரையோடு தைத்து இணைக்கிறார்கள். பிஸ்டுலா என்பது இதுதான். தமனியின் வேகம் பாயப் பாயச் சிரை விரிகிறது, சுவர் தடிக்கிறது. சில வாரங்களில் நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டரும் அதற்கு மேலும் ஓடுகிறது.

இது வானத்திலிருந்து வந்த வரமா? அல்ல. 1943-இல், செருமானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் செல்லோபேன் குழாயைக் கொண்டு எந்திரம் செய்தார். 1960-இல் சியாட்டில் நகரத்து ஸ்கிரிப்னர் கைக்கு வெளியே குழாய் பொருத்தி, மீண்டும் மீண்டும் குருதி எடுக்க வழி கண்டார். 1966-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரேசியா, சிமினோ முதலியோர் வெளிக்குழாயே வேண்டாமென்று, உடலின் குழாய்களையே இணைத்த முறையை வெளியிட்டனர். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார். அதனால் நம் ஏலக்காட்டுத் தொழிலாளி வாழ்கிறார்!

ஆனால், அன்று இன்னொன்றும் கண்டோம். அதிர்வுக்குச் சற்று மேலே ஒரு கறுப்புக் கயிறு. மந்திரித்த கயிறு! மாணவனின் அப்பத்தா, மகன் பிழைக்கவேண்டுமென்று கட்டியது. கட்டிய நாளில் தளர்வாயிருந்த கயிறு, சிரை புடைக்கப் புடைக்க இறுகியிருந்தது. மேடையில் மூடநம்பிக்கையைச் சாடும் நாம், அந்த வீட்டில் வாய் திறக்கவில்லை. முதியவளின் மனம் நோகுமே என்றெண்ணிக் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மடையை நெரித்தால் வயல் காயும் என்பதை அறியாத உழவர் உண்டா? நீண்ட குழாயில் சீராக ஓடும் நீர்மத்துக்கு, பாய்சொய் கண்ட கணக்கு ஒன்று உண்டு: விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை; பதினாறில் ஒரு பங்காகிவிடும்! கையில் சுழித்தோடும் குருதி அந்தக் கணக்குக்கு அப்படியே அடங்காதுதான். ஆயினும் நெருக்கினால் ஓட்டம் குறையும். ஓட்டம் தளர்ந்தால் குருதி உறையும்.

சில நாளில் அதிர்வு நின்றது. கயிறு மட்டுமே காரணமென்று மருத்துவர் அறுதியிடவில்லை. குருதி அழுத்தம் தாழ்ந்தாலும் அடைப்பு நேருமென்றார். ஆனால், அந்தக் கையில் கயிறோ இறுக்கமான வளையலோ கடிகாரமோ கூடாது, அழுத்தம் பார்க்கக்கூடாது, அதன்மேல் தலைவைத்து உறங்கக்கூடாது, சுமை தூக்கக்கூடாது, அதிர்வு நின்றால் அந்த நாளே ஓடி வரவேண்டும் என்றார். அவர்கள் இரண்டு நாள் காத்திருந்தார்கள். கழுத்தில் குழாய் செருகவேண்டி வந்தது. அதனால் காய்ச்சலும் கண்டது. பின்னர் முழங்கை மடிப்பில் புதிய இணைப்பு.

மறுபடி சென்றோம். இம்முறை வாய் மூடவில்லை. அப்பத்தாவின் கையைப் பிடித்து, மகனின் கைமேல் வைத்து, "இந்த இரைச்சல்தான் உங்கள் மகனின் உயிர்; கட்டினால் நின்றுவிடும்" என்றோம். கிழவி கோபிக்கவில்லை. "இதை முன்னாடியே சொல்லக்கூடாதா, வாத்தியாரே?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. நாகரிகம் என்று நாம் பெயரிட்டது நம் கோழைத்தனமல்லவா? அவள் அன்பில் குறையில்லை. அறிந்தவர் சொல்லாததே குறை!

இப்போது அவள் விடிந்ததும் மகனின் கையைத் தொட்டுப் பார்க்கிறாள். அதிர்வு உண்டென்று அறிந்த பின்னரே அடுப்பைப் பற்றவைக்கிறாள்.