திராட்சைத் தோட்டங்களின் நிழலில்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்று ஸ்டெல்லன்போஷ் என்னும் ஊரை அடைந்தோம். மலையடிவாரமெங்கும் திராட்சைத் தோட்டங்கள். நடுவே வெள்ளைச் சுவருடைய பழைய டச்சு மாளிகைகள். கேப் மண்ணில் விளைந்த திராட்சையிலிருந்து முதன்முதலாக இரசம் பிழியப்பட்ட நாள் 1659 பிப்ரவரி 2. அன்னை மரியா தம் பச்சிளங் குழந்தையைக் கோவிலில் காணிக்கையாக்கிய நிகழ்வை நாம் கொண்டாடும் திருநாளும் அதுவே. அந்நினைவோடு நின்ற நமக்கு, இப்பகுதியின் தாய்மாரும் சேய்களுமே கண்முன் நின்றனர்.

தோட்டத் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியாக மதுவையே அளந்து ஊற்றும் வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக நிலவியது. 'டாப்' முறை என்பது அதன் பெயர். 1960-களில் சட்டம் தடுத்த பின்னும் அது பல்லாண்டு நீடித்தது, குடிப்பழக்கமோ வேரூன்றிவிட்டது. கருவுற்றவள் அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து சேயை அடைந்து, அதன் மூளை வளர்ச்சியைக் குலைக்கிறது. தீங்கற்ற அளவு என ஒன்றில்லை. இவ்வாறு பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களுள் இத்தோட்டப் பகுதிகளும் அடங்கும். பாடம் ஏறாத சிறுவனை மந்தன் என்று ஏசுகிறோம். அவன் பிறக்குமுன்பே காயமுற்றவனாக இருக்கலாம்.

திரும்பும் வழியில், தகரக் குடிசைகள் நெருங்கிய கயலிட்சா. எச்.ஐ.வி. கிருமியுள்ள கர்ப்பிணிகளுக்கு மருந்தளித்துச் சேயைக் காக்கும் முயற்சி 1999-இல் இங்கே தொடங்கிற்று. நாடெங்கும் அம்மருந்து கிடைக்கவேண்டுமென அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2002-இல். மருந்தின்றி நூற்றுக்கு 15 முதல் 45 சேய்களுக்குத் தொற்றக்கூடிய கிருமி, கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய் தவறாது மருந்துண்டால் 5-க்கும் குறைவானோர்க்கே தொற்றுகிறது.

கிருமியைத் தடுக்க மருந்துண்டு. மது கருவில் செய்த சேதத்தை மாற்ற மருந்தில்லை. அதுமட்டுமன்று, குடி மிகுந்த வீட்டில் மாத்திரையும் மறக்கப்படுகிறது.

இதற்காகத் தாயை மட்டும் பழிப்பது நீதியாகுமா? அவள் கையில் கிண்ணத்தைத் தந்தவர் எத்தனை பேர்! சிம்சோனைக் கருத்தாங்கவிருந்த தாயிடம் மதுவைத் தவிர்க்குமாறு வானதூதர் பணித்ததை நீதித்தலைவர்கள் நூலில் வாசிக்கிறோம். அவள் கணவன் மனோவாகு, 'அது அவள் கடமை' என்று வாளாவிருக்கவில்லை. பிறக்கவிருக்கும் பிள்ளைக்குச் செய்யவேண்டியதைத் தங்கள் இருவருக்கும் கற்பிக்குமாறு இறைவனை மன்றாடினான். கருவுற்ற மனைவியுள்ள இல்லத்தில் முதலில் கிண்ணத்தைக் கீழே வைக்கவேண்டியவன் கணவனே. அச்சேய்க்கு அவன் அளிக்கும் முதற் காணிக்கை அது.