விளக்கு உண்டா?

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் சிக்கலில்லை. அதிலிருந்து மலையூர்களுக்குப் பிரியும் பாதைகள் பலவும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வெறும் கோடுகள். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய வரைபடம் அது. தாரா மண்ணா, எவ்வளவு ஏற்றம், இரவில் விளக்கு உண்டா என்று குறிக்கத் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. ஆனால் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தொலைவிலிருந்து வரைபவருக்குக் கோடுதான் தெரியும். மழைக்குப்பின் அதில் சக்கரம் புதைவது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கியர் சைக்கிளில் மலையேறுபவர்களின் தடத்தைக் கைப்பேசி பதிந்துகொள்கிறது. அரசு கொடுத்த கியரில்லாத சைக்கிளை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு பள்ளிக்குப் போகும் பழங்குடிப் பெண்பிள்ளையின் தடம் எங்கும் ஏறுவதில்லை. இந்த வரைபடத்துக்குப் பங்களிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்கின்றன ஆய்வுகள். விளக்குக்கான கட்டம் காலியாகக் கிடப்பதில் எனக்கு வியப்பில்லை. ‘இருட்டுமுன் வீடு வந்து சேர்’ என்று கேட்டு வளராதவருக்கு அந்தக் கேள்வி எப்படித் தோன்றும்?

மலையிலிருந்து வரும் என் மாணவிகளிடம் வழி கேட்டேன். எந்த வளைவில் இறங்கித் தள்ள வேண்டும், ஐப்பசியில் எந்த ஓடை பாதையை மூடும், எந்தக் கடைவாசலில் நிற்பவர்களுக்காகச் சுற்றிப் போக வேண்டும் என்று அடுக்கினார்கள். மூன்றாவதற்குக் குறிச்சொல் இல்லை. முதல் இரண்டையும் இந்த வாரம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.