மூன்றாம் இலை

தும்பி என்னுஞ் சொல் பண்டை இலக்கியத்திற் பெரும்பாலும் வண்டையே குறிக்குமென வகுப்பிற் கற்ற யான், குளக்கரையிற் பறக்கும் ஊசித்தும்பியை ஒருநாளும் உற்றுநோக்கியவன் அல்லேன். விடுதியில் என்னோடு உறையும் விலங்கியல் அண்ணர் ஒருவரே, அதன் இளமை முழுதும் நீருக்குள் கழியுமென்று கூறி, வலையுஞ் சாடியுமாக என்னை இழுத்துச் சென்றார்.

பாசியை அலசிய வெள்ளைத் தட்டில் ஐந்தாறு உயிர்கள் நெளிந்தன. ஓர் அங்குலத்திற்குங் குறைந்த மெல்லுடல். அதனினும் அகன்ற தலை. முதுகிற் சிறகின் முளைகள். வால்நுனியில் இலைபோன்ற மூன்று தகடுகள். இம்மூவிலையே ஊசித்தும்பியின் இளவுயிர்க்கு அடையாளம். பெருந்தும்பியின் இளவுயிர் தடித்தது. அதற்கு இலைகள் இல்லை, குறுமுட்களே உண்டு. அது குடலின் கடைப்பகுதியில் நீரை வாங்கி மூச்சுவிட்டு, அந்நீரையே பீச்சி முன்பாயும். இதுவோ இலைகளைத் துடுப்பாக்கி மீன்போல் நீந்துகின்றது. மூச்சிற்கும் அவை உதவும். கொசுப்புழு ஒன்று அணுகியதும், தலையடியில் மடிந்துகிடந்த கீழுதடு கண்ணிமைக்குமுன் நீண்டு அதனைப் பற்றி மீண்டது. யான் திடுக்கிட்டேன். முகமூடி என்று அவ்வுறுப்பிற்கு நூலோர் பெயரிட்டது மிகப் பொருத்தம்.

இன்ன இனமென்று துணிவதே அரிது. இலைகளின் வடிவு, அவற்றிலோடும் மூச்சுக்குழல்களின் அமைப்பு, கீழுதட்டு மயிர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பூதக்கண்ணாடியால் ஆராய்தல் வேண்டும். பிரேசர் என்பார் 1933 முதல் 1936 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகளும் பெரும்பாலும் வளர்ந்த தும்பிகளையே விரித்துரைப்பன. 1798இல் பேப்ரீசியஸ் என்பார் மஞ்சள் ஊசித்தும்பி ஒன்றிற்கு நம் சோழமண்டலக் கரையின் பெயரை இட்டார் என்றறிந்ததும், எனக்கும் பெயரிடும் ஆசை பிறந்தது. ஏதேனில் ஆதாமுக்கிருந்த உரிமை எனக்கும் வந்ததென்று எண்ணினேன் போலும்!

சாடியில் ஒன்றிற்கு இரண்டே இலைகள் இருந்தன. புதிய இனமென்று துணிந்து, 'ஈரிலைத் தும்பி' எனக் குறிப்பேட்டில் எழுதி, இராவுணவின்போது பந்தியிலிருந்தோர்க்கெல்லாம் படித்துங் காட்டினேன். அண்ணர் வாய் திறவாதிருந்தார். அறைக்கு வந்தபின், "தம்பி, இதனை வலையிலிருந்து எவ்வாறு எடுத்தாய்?" என்று மட்டும் வினவினார்.

விரல்களால் வாலைப் பற்றியது நினைவிற்கு வந்தது. பல்லி வாலை விடுவதுபோல் இஃது இலையை விட்டுத் தப்பும் என்றார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

அவை ஒன்றையொன்று தின்னுமாதலால் அதனைத் தனிச் சாடியிலிட்டு, நாள்தோறுங் கொசுப்புழு தந்தேன். பன்னிரண்டாம் நாட் காலையில், உரிந்த தோல் தண்டொன்றிற் பற்றியிருந்தது. வாலின் ஓரத்தில் மூன்றாம் இலை, மற்றவற்றிற் பாதியளவாய், நிறமின்றி முளைத்திருந்தது. மாலையில் அதனைக் குளத்தில் விட்டேன். குறிப்பேட்டில் யான் இட்ட பெயரை அடித்துவிட்டு, 'என் விரலால் ஒடிந்தது' என்று எழுதினேன்.