ஆயில் இறங்கும் வழி

அட்டைப்பெட்டியைத் திறந்ததும் முதலில் எலிப்புழுக்கைதான் கொட்டியது. அதற்கடியில், 1970களின் கடைசியில் அச்சான செய்தித்தாள்களில் சுற்றிவைத்த டர்போசார்ஜர். மேலே ரேஜே என்று பெயர்த்தகடு. அப்புறம் நான்கு வாய் உள்ள வார்ப்பு அலுமினியப் பெட்டி ஒன்று, ஒற்றைக் கார்புரேட்டர், துருப்பிடித்த புகைக்குழாய்கள், ஜாம் பாட்டிலில் போல்ட்டுகள். பொருத்தும் முறையைச் சொல்லும் கையேடும் இருந்தது. ஆறு தாளில் இரண்டைக் காணோம்.

"காணாமப் போன அந்த ரெண்டு தாளுக்குத்தான் நான் கூலி வாங்குறேன்" என்றார் பட்டறைக்காரப் பெரியவர்.

மகள் பிரசவத்துக்காகக் கலிபோர்னியா போயிருந்தேன். முப்பது வருடம் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பாடம் நடத்தியவனைத் தொட்டில் பக்கமும் விடவில்லை, சமையலறைப் பக்கமும் விடவில்லை. என் தவிப்பைப் பார்த்த மருமகன், அலுவலக நண்பர் தன் பழைய கவாசாகியை விட்டிருந்த பட்டறைக்கு அழைத்துப் போனார். லாங் பீச்சில் ஒரு பின்தெரு. இரண்டு பைக் மேடை, ஒரு லேத்து, ஒரு டிக் வெல்டிங் செட். எழுபதைத் தாண்டிய பெரியவர். அவரிடம் ஆறு வருடமாக வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி, வெல்டர். பெட்டியில் வந்த டர்போவும் இதே லாங் பீச்சில் தயாரானதுதான். ஊர் திரும்பியிருக்கிறது. முதல் நாள் வேடிக்கை பார்க்கப் போனேன். அடுத்த எட்டு நாளும் மருமகன் காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொண்டார், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல.

டர்போ என்றால் நம்மவர்களுக்கு லாரி ஏற்றத்தில் ஏறும்போது வரும் விசில் ஞாபகம் வரும். சும்மா வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதே சாஃப்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூடலாம், பலமும் கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905இலேயே காப்புரிமை பெற்ற யோசனை. சாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். புஷ்ஷுக்குள் ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டே சுற்றும். படலம் ஒரு கணம் அறுந்தாலும் கதை முடிந்தது.

பைக், 1978ஆம் வருடத்துக் கவாசாகி கேஇசட் 1000. நான்கு சிலிண்டர், 1015 சிசி. அந்தக் காலத்து அமெரிக்க டர்போ கிட்காரர்கள் இந்த என்ஜினைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் அதன் உறுதி: கிரான்க் முழுக்க ரோலர் பேரிங்கில் ஓடுகிறது. 1978இல் டர்போ சைக்கிள் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனம் இதே குடும்பத்து இசட்1-ஆர் பைக்குகளில் டர்போ பொருத்தி, இசட்1-ஆர் டி.சி. என்ற பெயரில் கவாசாகி டீலர்கள் வழியாகவே விற்றது. மொத்தம் ஏறத்தாழ 500 வண்டிகள். வாரன்டி கேட்க மாட்டேன் என்று வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டுத்தர வேண்டும். நம்மூரில் அப்படி எழுதிக் கேட்டால் வண்டியைத் தள்ளிவைத்துவிட்டு ஓடிவிடுவோம். அங்கே அதையும் ஒரு பெருமையாக எண்ணி வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் நான் வாயை விட்டேன். டயல் கேஜை வைத்து சாஃப்டின் ஆட்டத்தை அளந்துகொண்டிருந்தார் பெரியவர். ஆட்டம் அளவோடுதான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த கார்பன் சீல் விளிம்பு உடைந்திருந்தது. புதிது கிடைக்க நாளாகும். "எதற்கு இத்தனை பாடு? சின்ன டீசல் டர்போ ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமே" என்றேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. கார்புரேட்டரை எடுத்து டர்போவின் வாயில் பொருத்திக் காட்டினார். "புரொஃபசர், இது எங்க உட்காருதுன்னு பாருங்க."

அப்போதுதான் உறைத்தது. இந்தப் பழைய கிட்டில் கார்புரேட்டர் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. காற்றும் பெட்ரோலும் கலந்தேதான் டர்போவுக்குள் போகின்றன. பைக் ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை மூடியதும் கார்புரேட்டர் வாய் அடைபடும். என்ஜினோ இழுத்துக்கொண்டே இருக்கும். டர்போவுக்குள் வெற்றிடம். அந்த உறிஞ்சலில் சாதாரண ரிங் சீலைத் தாண்டி ஆயில் உள்ளே வந்துவிடும். நான் பாடம் நடத்திய டீசல் என்ஜின்களில் காற்று வழியை மூடும் கதவே கிடையாது; அதனால் இந்தத் தொல்லையும் கிடையாது. வெற்றிடத்திலும் பிடித்து நிற்கக் கார்பன் சீல்தான் வேண்டும். முப்பது வருடப் பாடம் ஒரு கார்புரேட்டர் வாயில் அடங்கிப்போனது. மறுநாளிலிருந்து நான் கேள்வி மட்டும் கேட்டேன்.

சீல் வந்து சேர்வதற்குள் மற்ற வேலைகள் ஓடின. கிரான்க் ஒரே வார்ப்பு அல்ல, துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. கூடுதல் பலத்தில் முறுக்கிக்கொள்ளும் என்பதால் கிரான்க்பின் இணைப்புகளை வெல்டிங் வைக்க வெளியே அனுப்பியிருந்தார். கிளட்சுக்கு வலுவான ஸ்பிரிங். சிலிண்டர் பிளாக்குக்கு அடியில் ஒரு அலுமினியத் தகடு கொடுத்து, எட்டரைக்கு மேல் இருந்த கம்ப்ரஷனை ஏழரைக்குப் பக்கத்தில் இறக்கினார். ஏழரை என்றாலே நம் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். இந்த என்ஜினுக்கு ஏழரைதான் காப்பு. அழுத்திய காற்று சூடாகவே உள்ளே வருகிறது. கம்ப்ரஷனும் கூடுதலாக இருந்தால் கலவை நேரம்கெட்டு வெடித்து பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும்.

ஆறாம் நாள் என்ஜின் கிளம்பியது. இரண்டு நிமிடத்தில் பட்டறை முழுக்க நீலப்புகை. சீல் போய்விட்டது என்றேன் நான். வெல்டர் பெண்ணும் அதையே சொன்னாள். பெரியவர் என்ஜினை அணைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, வண்டியின் பக்கவாட்டில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ரோலர் பேரிங் கிரான்க்குக்கு ஆயில் நிறையப் பாய்ந்தால் போதும், அழுத்தம் தேவையில்லை. என்ஜின் சூடானபின் ஆயில் அழுத்தம் சில பி.எஸ்.ஐ.தான் இருக்கும். டர்போவின் புஷ்ஷுக்கு அது சொற்பம். அதனால் ஆயில் மற்ற பாகங்களுக்குப் பிரிவதற்கு முன்பே, முதன்மை வழியிலிருந்தே குழாய் எடுத்திருந்தார். ஏறுகிற பக்கம் சரி. இறங்குகிற பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. டர்போவுக்குள் போகும்போது ஆயில் ஆயிலாகப் போகிறது. வெளியே வரும்போது பொங்கிய பாலைப் போல நுரைத்து வருகிறது. தள்ளிவிட அழுத்தம் கிடையாது. தன் கனத்தில் தானே வழிந்து இறங்க வேண்டும். கிட்டோடு வந்த குழாய் கியர்பாக்ஸைச் சுற்றும் இடத்தில் சற்றே தொய்ந்து ஏறியது, சிங்க்குக்கு அடியில் பிளம்பர் வைக்கும் வளைவைப் போல. அங்கே நுரை தேங்கி, டர்போவுக்குள் ஆயில் மட்டம் ஏறி, புத்தம்புதுச் சீலையும் மீறிக் கசிந்திருக்கிறது.

"அந்த ரெண்டு தாள்ல இதுதான் இருந்திருக்கும்" என்றார்.

பழைய குழாயைத் தூக்கிப் போட்டார்கள். கட்டைவிரல் தடிமனில் புதுக்குழாய், நேராகக் கீழே. அது வந்து சேர என்ஜின் உறையில், ஆயில் மட்டத்துக்கு மேலே, ஒரு புது வாய் வெல்டிங் வைக்க வேண்டும். நாற்பது வருடம் ஆயில் குடித்த வார்ப்பு அலுமினியம் அது. சூடு பட்டதும் உள்ளே ஊறிய ஆயில் வெளியே வந்து வெல்டிங்கைக் கறுப்பாக்கும். அந்தப் பெண் சூடு காட்டினாள், துடைத்தாள், சுரண்டினாள், மறுபடி சூடு காட்டினாள். மதியம்வரை டார்ச்சைத் தொடவே இல்லை. அப்புறம் பத்து நிமிடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் சுற்றளவுக்குப் பிசிறில்லாத ஒரு வளையம். அவளுடைய இடது முன்கையில் பழைய தீக்காயத் தழும்புகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றைக் காட்டி, இதுவும் ஒரு கவாசாகிதான் என்றாள்.

அந்த ஒன்றரை நாள் கூலி பில்லில் ஏறவில்லை. டர்போ பொருத்த இவ்வளவு என்று முன்னமே பேசியாகிவிட்டது. வளைந்த குழாய்க்குத் தனிக் காசு எந்த வாடிக்கையாளரும் தர மாட்டார் என்றார் பெரியவர். எனக்கு மனசு ஆறவில்லை. ஏறத்தாழ ஒன்பதாயிரம் மைல் தள்ளியும் மெக்கானிக் பிழைப்பு இப்படித்தான் இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில், பெரிய கம்பெனிகள் ஏன் இதை விட்டுவிட்டன என்று கேட்டேன். 1982இல் ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போவைக் கொண்டுவந்தது, யமஹாவும் சுசூகியும் தொடர்ந்தன, கவாசாகியின் 750 டர்போ 1984இல் வந்தது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் எல்லாமே நின்றுபோயின. விலை கூடுதல், எடை கூடுதல், முறுக்கியதும் பாயாமல் ஒரு மூச்சு யோசித்துவிட்டுப் பாயும் குணம். பெரிய என்ஜினே மலிவாகக் கிடைக்கும்போது சிறிய என்ஜினை ஊதிப் பெருக்குவானேன் என்று வாங்குகிறவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். கணக்கு சரிதான். ஆனாலும் அந்த விசிலைக் கேட்டபின் கணக்குப் பேச எனக்கு வாய் வரவில்லை.

எட்டாம் நாள் புகை இல்லை. உரிமையாளர் பன்னிரண்டு பி.எஸ்.ஐ. பூஸ்ட் கேட்டிருந்தார், பெரியவர் பூஸ்ட்டுக்கு வரம்பு கட்டும் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கை ஆறுக்கு வைத்து, அதன் நட்டின்மேல் சிவப்புப் பெயின்டும் தடவிவிட்டார். திருகினால் தெரிந்துவிடும். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவந்தவர் உடனே அணைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அணைத்தவுடன் ஆயில் நின்றுவிடும், சூடு நிற்காது. தேங்கிய ஆயில் புஷ்ஷுக்குள் கரியாகிவிடும். நம்மூர் பஸ் டிரைவர்கள் சிலர் ஸ்டாண்டில் நிறுத்தியபின்னும் சற்று நேரம் என்ஜினை ஓடவிடுவது இதனால்தான். டீசலை வீணாக்குகிறார்கள் என்று அவர்களைத் திட்டாதீர்கள்.

மறுநாள் உரிமையாளர் வந்தார். சாவியில் பெரியவர் ஒரு அட்டை கட்டியிருந்தார், மூன்று வரி. முதல் 500 மைலுக்கு முறுக்காதே. அணைக்கும் முன் இரண்டு நிமிடம் ஓடவிடு. புகை வந்தால் சீலைத் திட்டாதே, குழாயைப் பார். மூன்றாவது வரி எனக்காக எழுதியது.